செயலாளரின் ஆண்டறிக்கை: பொறுப்பேற்க முன்வாருங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நீர்நிலைத் தூய்மைப் பணி, மரக்கன்று நடவு, பறவைக் கணக்கெடுப்பு, மாணவர்களுக்கான இயற்கை நடை ஆகியவை இந்த ஆண்டும் நன்றாகவே நடந்தன. விவரங்கள் உங்கள் கையில் உள்ள தாளில் இருக்கின்றன. கூப்பிட்டபோதெல்லாம் வந்து உழைத்த அனைவருக்கும் சங்கத்தின் நன்றி. வேலை செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு வேலையைத் தன் பொறுப்பாக எடுத்து நடத்தத்தான் ஆள் போதவில்லை. இந்த அறிக்கையில் அதைப் பற்றித்தான் அதிகம் பேச விரும்புகிறேன்.

மரக்கன்றையே எடுத்துக்கொள்வோம். நடும் நாளில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. ஆனால் கன்று பிழைக்குமா என்பது அடுத்த இரண்டு, மூன்று கோடைகளில்தான் தெரியும். வேர் ஆழம் பிடிக்கும்வரை தண்ணீர் வேண்டும், களை எடுக்க வேண்டும், சாய்ந்த கூண்டை நிமிர்த்த வேண்டும். இன்று யாருடைய முறை, அவர் வராவிட்டால் வேறு யார் என்று பார்க்க ஒருவர் வேண்டும். ஒரு பகுதியில் உறுப்பினர் ஒருவர் தாமாகவே அந்தப் பொறுப்பை ஏற்றார். அங்கே கன்றுகள் தழைத்து நிற்கின்றன. எல்லோருக்கும் பொது என்று விட்ட பகுதியில் பட்டுப்போனவைதான் அதிகம். இரண்டு இடத்திலும் மண் ஒன்றுதான், கன்றுகளும் ஒரே நாற்றங்காலில் வாங்கியவைதான்.

நீர்ப் பரிசோதனையிலும் இதே நிலைதான். நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன், பாசியும் நீர்த்தாவரங்களும் வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்வதால் பகலில் கூடும்; இரவெல்லாம் உயிரினங்கள் சுவாசித்து முடித்து, விடியலையொட்டி மிகவும் குறைந்திருக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே பல மீன்கள் திணறத் தொடங்கும். ஒருவர் காலையிலும் இன்னொருவர் மதியத்திலும் அளந்தால், நீர் மாறியதா நேரம் மாறியதா என்று எப்படிச் சொல்வது? ஒரே இடம், ஒரே நேரம், ஒரே பதிவேடு என்று பிடிவாதமாக நடத்த ஒரு பொறுப்பாளர் தேவை.

"எனக்கு அவ்வளவு விஷயம் தெரியாதே" என்று பலர் தயங்குகிறார்கள். சூழலியலாளர் வங்காரி மாத்தாய் 1977இல் கென்யாவில் தொடங்கிய பசுமைப் பட்டை என்ற மரம் நடும் இயக்கத்தில் நாற்றங்கால்களை நடத்தியவர்கள் வனவியல் பட்டதாரிகள் அல்ல, கிராமத்துப் பெண்கள். விதை சேர்ப்பது முதல் கன்று வளர்ப்பது வரை செய்து செய்தே கற்றார்கள். மாத்தாய்க்கு 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்ததில் அந்தப் பெண்களின் உழைப்புக்கும் பங்கு உண்டு. நம் சங்கத்திலும் களப்பணியில் பெண்களும் இளைஞர்களும் நிறைய, செயற்குழுவில் குறைவு. இது மாறியே ஆக வேண்டும்.

தயக்கத்துக்கு நேரமின்மையும் ஒரு காரணம், அது நியாயமானதும்கூட. அதனால் செயலாளர் பணியையே பிரித்திருக்கிறோம்: கூட்டக் குறிப்பு, கடிதப் போக்குவரத்து, தன்னார்வலர் ஒருங்கிணைப்பு மூன்றுக்கும் தனித்தனி ஆள். ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு துணைப் பொறுப்பாளர் இருப்பார். ஓராண்டு கூடவே இருந்து பழகி, அப்புறம் ஏற்கலாம். நீண்ட காலமாகப் பதவியில் இருக்கும் நாங்களும் இடம்விட வேண்டும். ஒரே ஆளை நம்பி நடக்கும் சங்கம், அவர் ஊர் மாறினால் நின்றுவிடும்.

அடுத்து பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிப்பார். அதன்பின் தேர்தல். பொறுப்பேற்க விரும்புவோர் அதற்குள் பதிவேட்டில் பெயர் எழுதிவிடுங்கள். நீர்ப் பரிசோதனைக்கும் கன்று பராமரிப்புக்கும் இன்னும் யாரும் பெயர் தரவில்லை.