அனுசரணையாளரும் மத்தியஸ்தரும் ஒருவரா?

ஆசிரியர் அவர்கட்கு,

நட்பு நாடுகளின் நிலத்தகராறுக்கு "ஓர் அனுசரணையாளர் போதும், 1964இல் சைப்பிரஸுக்கு டீன் அச்சிசன் கிடைத்ததுபோல" என்று கடந்த ஞாயிறு தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். மெத்தச் சரி. நோர்வேக்காரர் வன்னிக்கும் கொழும்புக்கும் பறந்து திரிந்த காலத்தில் அந்தச் சொல்லை எங்களுக்குப் பழக்கியதே தங்களைப் போன்ற பத்திரிகைகள்தான். அனுசரணையாளர் கடிதம் காவுவார், மேசை போடுவார். மத்தியஸ்தர் தன் வரைவையும் வைப்பார். நடுத்தீர்ப்பாளர் சொன்னால் இரு தரப்பையும் கட்டும். தாங்கள் அறியாததல்ல.

ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 186ஆம் தீர்மானப்படி சைப்பிரஸுக்கு வந்த மத்தியஸ்தர் பின்லாந்துக்காரர் சாகரி துவோமியோயா. அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவுச் செயலாளரான அச்சிசனை எந்தத் தீர்மானமும் அழைக்கவில்லை. சைப்பிரஸை வைத்துக் கிரேக்கமும் துருக்கியும் நேட்டோவுக்குள்ளேயே அடிபடக்கூடாது என்று வாஷிங்டன் ஜெனீவாவுக்கு அனுப்பிய ஆள் அவர். அவர் வரைவில் தீவு கிரேக்கத்தோடு சேரும், தீவின் வடகிழக்கில் கார்பாஸ் முனையில் துருக்கிக்குச் சொந்தமாக ஒரு தளம். துருக்கி பேச இணங்கியது, சைப்பிரஸ் ஜனாதிபதி மக்காரியோஸ் மறுத்தார். இரண்டாம் வரைவில் 'சொந்தம்' என்பது 50 ஆண்டுக் 'குத்தகை' ஆனதும் துருக்கி கையை விரித்தது. உறுதி எழுதும் எந்த நொத்தாரிசைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்லின் பாரத்தைச் சொல்வார். சைப்பிரஸ் அரசுக்கு அந்த மேசையில் கதிரையே இல்லை.

கதிரை இல்லாத கதை யாழ்ப்பாணத்துக்குப் புதிதா? 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் யார் யார் கையெழுத்திட்டார்கள் என்று தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1974இல் கச்சதீவும் இரண்டு தலைநகரங்கள் பேசி முடித்த காரியம். அதற்குத் தமிழ்நாட்டுத் தேர்தல் தோறும் 'தாரைவார்ப்பு' என்று அக்கரைத் தலைப்பை அப்படியே ஒட்டுகிறீர்கள். இழுவைப்படகு அறுத்த எங்கள் மீனவரின் வலைக்கு எட்டாம் பக்கத்தில் ஒரு மூலை.

அதே 1974 ஜூலை 20இல் சைப்பிரஸில் இறங்கிய துருக்கி காட்டிய தாள், 1960 உத்தரவாத உடன்படிக்கையின் 4ஆம் உறுப்புரை. பிரித்தானியா, கிரேக்கம், துருக்கி சேர்ந்து இயங்க முடியாவிட்டால் ஒவ்வொன்றும் தனித்து இயங்கலாம் என்று நட்பு நாடுகளே எழுதி வைத்த வரி அது. அதைத் தலையங்கத்தில் தேடினேன், காணவில்லை.

போகட்டும். தலையங்கத்தோடு போட்ட வரைபடத்தையாவது திருத்துங்கள். கிரேக்க, துருக்கிய சைப்பிரஸ்காரரைப் பிரிக்க 1963 டிசம்பரில் பச்சைப் பென்சிலால் கீறிய கோடு நிக்கோசியா நகருக்குள் மட்டும்தான். தீவைக் குறுக்கே வெட்டும் கோடு 1974இல் வந்தது. திருத்தத்துக்கு மூன்று வரி போதும். எட்டாம் பக்கமானாலும் சரி.

இப்படிக்கு,
நல்லூர் வாசகன்