வகிட்டுல வெள்ள தெரியுதுன்னியே

பாப்பா,

நேத்து வீடியோ கால்ல தலைய குனிஞ்சு கேமரா கிட்ட கொண்டாந்து வெள்ள முடிய காமிச்ச பாரு, எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. 31 வயசுல எனக்கும் இப்படித்தான்டி, காதோரமா ஆரம்பிச்சுது, நம்ம வீட்டு வாகு அது. டை பாக்கெட் வாங்கிட்டேன்னியே, அத கொஞ்சம் ஓரமா வை.

உங்கப்பா கத உனக்கு முழுசா தெரியாது, நீ அப்ப ஹாஸ்டல்ல இருந்த. பத்து வருஷமா ஒரே பாக்கெட்தான் அடிச்சாரு, ஒண்ணும் ஆகல. ஒரு தீபாவளிக்கு மொத நாள் அடிச்சிட்டு படுத்தவரு, காலையில பாத்தா கண்ணு ரெண்டும் திறக்க முடியல, நெத்தி இட்லி மாதிரி உப்பிக்கிச்சு. டாக்டர் பாத்துட்டு கருப்பு டையில பிபிடின்னு ஒரு கெமிக்கல் இருக்கு, வருஷக்கணக்கா ஒத்துக்கிட்டது திடீர்னு ஒருநாள் ஒத்துக்காம போகும், இனிமே தொடாதீங்கன்னுட்டாரு. அதனால எதப் போட்டாலும் முதல்ல கொஞ்சம் கலக்கி காதுக்குப் பின்னாடி பொட்டு அளவு வச்சு 48 மணி நேரம் பாரு. கருப்பு மருதாணின்னு விக்கிறதுல கூட அதே சமாச்சாரம் கலந்திருக்கும், பேர பாத்து ஏமாறாத.

நான் போடுறது மருதாணியும் அவுரியும். அவுரின்னா நீலச்சாயம் எடுக்குற செடி, நம்ம திண்டிவனம் பக்கமே விளையுது, அந்த இலைப்பொடிதான். மருதாணிய டீ டிகாஷன்ல கெட்டியா கலக்கி ராத்திரி ஊறப்போடு, காலையில எண்ணெய் இல்லாத தலையில தடவி ரெண்டு மணி நேரம் விட்டு அலசு, ஷாம்பு வேணாம். கண்ணாடி பாத்தா அழுதுடுவ, வெள்ள முடியெல்லாம் கேசரி கலர்ல நிக்கும். கருப்பு முடியில ஒண்ணும் தெரியாது, வெயில்ல நின்னா லேசா செவப்படிக்கும். அப்புறம்தான் அவுரி. இத ஊறப்போடக் கூடாது, வெதுவெதுப்பான தண்ணியில கலக்கி பத்து நிமிஷத்துல தலையில ஏத்திடணும், ஒரு மணி நேரம் விட்டு வெறும் தண்ணியில அலசு.

அன்னிக்கு முடி பச்சையா தெரியும், ஈரப் புல்லு வாசன அடிக்கும். அங்கதான் நான் மொத தடவ கோட்ட விட்டேன். அவுரி காத்து பட்டு பட்டுத்தான் கருக்கும், அதுக்கு ரெண்டு நாள் ஆகும், எனக்கு அது தெரியல, போச்சுடான்னு மறுநாளே இன்னொரு தடவ அப்பினேன். மூணாம் நாள் பாத்தா காக்கா ரெக்க மாதிரி நீலம் மினுக்குது, நெத்தியோரம் நீலக்கோடு வேற, அதோட உன் சித்தி வளைகாப்புக்கு போய் நின்னேன், அத்தன பேரும் என் மூஞ்சியத்தான் பாத்தாங்க! அதனால நெத்தியிலயும் காதுலயும் தேங்காண்ணெய் தடவிக்க, முடியில படாம.

ரெண்டு நாள் தலைக்கு ஷாம்பு போடாத. கொஞ்ச வாரம் போனா கருப்பு வெளுத்து செம்பட்ட எட்டிப்பாக்கும், அவுரி முன்னாடி போயிடும், மருதாணி லேசுல போகாது. முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தானே வளருது, அந்த வேர்ல மட்டும் போடு, ஒவ்வொரு தடவையும் நுனி வரைக்கும் இழுத்தா நுனி கருகருன்னு தனியா தெரியும். பார்லர்ல பிளீச் கிளீச்னா அவுரி போட்டிருக்கேன்னு முன்னாடியே சொல்லிடு, பச்சையா திரும்பிடும்.

அவுரி ரெண்டு பாக்கெட் ஊறுகா பார்சல்ல வச்சிருக்கேன், கவர் பிரிச்சா டப்பாவுல போட்டு இறுக்கி மூடு. போட்ட அன்னிக்கே போட்டோ எடுத்து அனுப்பி என்ன பயமுறுத்தாத, மூணாம் நாள் அனுப்பு.

அம்மா