அது பேய்த் திருவிழா அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த தென் அமெரிக்கப் பண்டிகைகள் கட்டுரையில், பொலிவியா மக்கள் நவம்பர் தொடக்கத்தில் இறந்தோரை நினைத்துச் செய்யும் வழிபாட்டுக்குப் ‘பேய்களின் திருவிழா’ என்று தலைப்பிட்டிருந்தீர்கள். படித்ததும் மனம் பொறுக்கவில்லை. கணவரின் வேலை நிமித்தம், லா பாஸ் நகரை ஒட்டி மேட்டில் இருக்கும் எல் ஆல்டோவில் இரண்டு ஆண்டுகள் குடியிருந்தவள் நான். எங்கள் வீட்டுக்காரம்மா அந்த மலைநாட்டுப் பழங்குடியான ஐமாரா இனத்தவர். நாங்கள் குடிபோன ஆண்டுதான் அவருடைய கணவர் காலமாகியிருந்தார்.

அவர்கள் நம்பிக்கையில், நவம்பர் 1 நண்பகலில் இறந்தவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மறுநாள் நண்பகலில் திரும்பிப் போகிறார்கள். இதில் பயமுறுத்தல் எங்கே இருக்கிறது? நெடுந்தூரம் நடந்து வருபவருக்கு என்னென்ன வேண்டுமோ அவைதாம் படையலில் இருக்கின்றன. கறுப்புத் துணி விரித்த மேசை; இறந்தது குழந்தை என்றால் வெள்ளைத் துணி. பக்கத்தில் கரும்பு. இறங்கி வரவும் ஏறிப் போகவும் ரொட்டி மாவில் சுட்ட ஏணி. சுமை தூக்க ரொட்டிக் குதிரை. வெங்காயத்தைத் தாளோடு வைக்கிறார்கள். உள்ளே கூடாக இருக்கும் அந்தத் தாளில் வழிக்குத் தண்ணீர் எடுத்துப் போவாராம்.

முக்கியமானது தந்தாவாவா. தந்தா என்றால் ரொட்டி, வாவா என்றால் குழந்தை. அக்டோபர் கடைசியில் குடும்பத்தோடு மாவைச் சுமந்துபோய், தெருக்கோடி ரொட்டிக் கடையின் அடுப்பைச் சில மணி நேரம் வாடகைக்குப் பிடித்தார்கள். நானும் கூடப் போனேன். துணியில் சுற்றிய கைக்குழந்தைபோல் மாவை உருட்டி, தலைப்பக்கத்தில் வண்ணம் தீட்டிய சிறு முகம் ஒன்றைப் பதிக்கிறார்கள். கணவருக்கான ரொட்டிக்கு மீசை வைத்த முகமாகச் சந்தையில் தேடி வாங்கியிருந்தார் வீட்டுக்காரம்மா. வெந்து வெளியே வந்தபோது முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நேராக்கப் போனவர் கையை எடுத்துக்கொண்டார். “அவரும் இப்படித்தான் தலையைச் சாய்த்து நிற்பார்” என்றார்.

நவம்பர் 2 நண்பகல் படையலைக் கலைத்தபோது, வந்து செபம் சொன்ன தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ரொட்டியும் பழமும் கொடுத்தார். முன்பின் தெரியாதவர் வந்து செபித்தாலும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.

கட்டுரையில் இருந்த பிழைகளையும் சுட்டிக்காட்ட வேண்டும். சர்க்கரையில் செய்த மண்டையோடு மெக்சிகோ வழக்கம். பொலிவியாவில் உண்மையான மண்டையோடுகளுக்குப் பூமுடி சூட்டி லா பாஸ் பொதுக் கல்லறைக்கு எடுத்து வருவது நவம்பர் 8-ஆம் தேதி. அது ‘ஞாதிதாஸ்’ என்னும் தனி வழிபாடு. கத்தோலிக்கத் திருச்சபை அதை ஏற்பதில்லை. ஆனாலும் அவற்றை வீட்டுக் காவலாக நம்பி, கோக்கா இலையும் சிகரெட்டும் படைப்பவர்கள் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். இதையும் நவம்பர் தொடக்க வழிபாட்டையும் ஒரே பத்தியில் குழப்பியிருப்பது சரியல்ல.

ஒருவர் இறந்தபின் முதல் மூன்று ஆண்டுகள் இப்படிப் பெரிதாகப் படைக்க வேண்டும் என்பது அங்குள்ள முறை. மூன்றாம் ஆண்டு வருவதற்குள் நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம். அந்த முறை ரொட்டிக்கு எந்த முகம் வாங்கினார் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அடுத்த இதழில் அந்தத் தலைப்பையாவது திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சி