திருப்பணி நிறைவு அறிக்கை: முருகன் கோயில், கோத்தகிரி வட்டாரம்

அன்புடைய உறுப்பினர்களுக்கு,

திருப்பணி முடியும்வரை சாமியைத் தற்காலிகமாக வேறிடத்தில் வைத்து வழிபடும் பாலாலயம் முதல் குடமுழுக்கு வரை, மடைப்பள்ளிக் கூரை தவிர எல்லா வேலையும் முருகன் அருளால் நிறைவேறியது. விமானத்துக்குப் பஞ்சவர்ணம் பூசி, பிராகாரத்துக்குக் கருங்கல் தளம் போட்டாயிற்று. கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எல்லாம் சேர்த்து இடித்து, சிலையைப் பீடத்தில் பதிக்கும் அஷ்டபந்தன மருந்து இந்தக் குளிரில் சட்டென்று இறுகிவிடுகிறது. இடித்த இளைஞர்களுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு. வரவு செலவு விவரம் கோயில் பலகையில் ஒட்டியிருக்கிறோம்.

தளத்துக்கான உபயம் ஏன் தாமதமாக வந்தது என்று பலர் கேட்டீர்கள். முன்பு இங்கே பச்சைத் தேயிலை வாங்கிக்கொண்டிருந்த ஒருவர், முழுச் செலவையும் ஏற்பதாக முன்வந்தார். மழை நாளில் இலை கொடுத்தவர்களிடம் ஈரத்துக்கென்று எடையில் நியாயத்துக்கு மேல் கழித்தேன், அதற்குப் பிராயச்சித்தமாக இருக்கட்டும் என்றார். கமிட்டியில் இரண்டு கூட்டம் இதே பேச்சு. பணம் கோயிலுக்குத்தானே வருகிறது, வாங்கினால் என்ன என்றார்கள் சிலர். கல் விற்கிற விலையில் எங்களுக்கும் சபலம்தான்.

சிவாச்சாரியார் தெளிவாகச் சொன்னார்: யாகசாலையில் செய்யும் பிராயச்சித்த ஓமம் பூஜையில் நேர்ந்த குறைகளுக்கு. அடுத்தவர் பொருளை எடுத்ததற்குத் தர்ம சாஸ்திரம் விரதம் சொல்கிறது, ஆனால் எடுத்ததை உடையவரிடம் திருப்பிக் கொடுத்த பிறகுதான். எங்கள் ஊர் தேவாலயத்துப் பெரியவரிடமும் கேட்டோம். லேவியர் ஆகமத்திலும் அப்படித்தானாம்: எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவருக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் பலி. வேலவனுக்குக் கொடுத்து வேலாயியின் கடனைத் தீர்க்க முடியாது என்று ஒரு பாட்டி போட்ட போட்டில் விவாதம் முடிந்தது.

சரி என்று அவரும் பழைய நோட்டை எடுத்தார். வீடு வீடாகப் போய்க் கணக்குப் பார்த்துக் கொடுத்தார். திருப்பூருக்குக் குடிபோனவர்களுக்கு ஜிபேயில் அனுப்பினார். ஒரு வீட்டில் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார்கள், பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். மன்னிப்பது அவர்கள் இஷ்டம், அதில் கமிட்டி தலையிடவில்லை. தேடியும் கிடைக்காத ஒரு குடும்பத்தின் தொகையை அன்னதானக் கணக்கில் தனியாக வைத்திருக்கிறோம். அவர்கள் வந்தால் கொடுத்துவிடுவோம்.

அதற்குப் பிறகுதான் அவருடைய உபயத்தை ஏற்றோம். முதலில் சொன்ன தொகை இல்லை, கையில் மிஞ்சியது. மீதியை நீங்கள் ஈடுகட்டினீர்கள். கல்வெட்டில் பெயர் வேண்டாம் என்பது அவரே கேட்டுக்கொண்டது.

மடைப்பள்ளிக் கூரை மட்டும் பாக்கி. ஐப்பசி மழை விட்டதும் தொடங்குவோம். மண்டல பூஜைக்கு முறை எழுதாதவர்கள் செவ்வாய்க்கிழமைக்குள் பொருளாளரிடம் சொல்லிவிடவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டி