நெய்ஸ்மித் தராத டிரிப்ளிங்கும் ஒரு பழைய வரைபடமும்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

கூடைப்பந்து பிறந்த வரலாறு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஆளும் ஊரும் ஆண்டும் சரி. ஜேம்ஸ் நெய்ஸ்மித், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி, 1891 டிசம்பர். ஆனால் இன்று நாம் பார்க்கும் ஆட்டம் முழுவதையும் அவரே வகுத்துக் கொடுத்ததாக எழுதியிருப்பது தவறு. அவர் எழுதியவை 13 விதிகள். அவற்றில் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகரும் டிரிப்ளிங் இல்லை, கூடைக்குப் பின்னால் நிற்கும் பலகையான போர்டு இல்லை, அணிக்கு ஐந்து பேர் என்ற கணக்கும் இல்லை. வகுப்பில் 18 பேர் இருந்ததால் ஒன்பது ஒன்பதாகப் பிரித்து ஆடவிட்டார். ஐந்து பேர் என்பது 1890களின் இறுதியில்தான் நிலைபெற்றது.

கூடையின் 10 அடி உயரம் ‘ஆராய்ந்து முடிவு செய்யப்பட்டது’ என்ற வரியும் பாதிதான் உண்மை. நெய்ஸ்மித் யோசித்தது உயரத்தின் அளவை அல்ல, இலக்கு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை. கால்பந்து கோல் போல நிமிர்ந்து நின்றால் பலம் கொண்டமட்டும் வீசுவார்கள், மூடிய கூடத்தில் அடிபடும். வானம் பார்த்த இலக்காக இருந்தால் பந்தை வளைவாக மேலே அனுப்பித்தான் ஆக வேண்டும். தலைக்கு மேல் இருந்தால் தடுப்பவர்கள் அதைச் சூழ்ந்து மறித்து நிற்கவும் முடியாது. இதெல்லாம் ஆராய்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் 10 அடி என்ற எண் வந்தது அந்தக் கூடத்தின் மேல்மாடத்தால் (பால்கனி). சதுரப் பெட்டிகள் கேட்டவருக்குக் கட்டடக் காவலர் பீச் பழக்கூடைகளைக் கொண்டுவந்து தந்தார். அவற்றை மாடத்தின் கீழ்ச் சட்டத்தில் ஆணியடித்து மாட்டினார்கள். அந்தச் சட்டம் இருந்த உயரம் 10 அடி. அவ்வளவுதான்.

போர்டு வந்ததும் அதே மாடத்தால்தான். மேலே நின்ற பார்வையாளர்கள் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டார்கள். அதைத் தடுக்க முதலில் கம்பி வலை கட்டினார்கள். பந்து பட்டுப் பட்டு வலை நெளிந்தது. எந்த நெளிவில் பட்டால் எங்கே திரும்பும் என்பது உள்ளூர் அணிக்கு மட்டும் அத்துப்படி. பிறகுதான் மரப் பலகை. தடுப்பாக வந்தது, பந்தை அடித்துத் திருப்பிக் கூடையில் போடும் கருவியாகிவிட்டது.

டிரிப்ளிங்கின் கதை இதைவிடச் சுவையானது, கட்டுரை அதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டது. மூன்றாவது விதிப்படி பந்தோடு ஓடக்கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். எதிராளி நெருக்கி நின்று, பாஸ் கொடுக்கவும் ஆளில்லை என்றால் என்ன செய்வது? பந்தை வேண்டுமென்றே கைநழுவ விட்டு, உருட்டியோ தட்டியோ தானே போய் எடுத்துக்கொண்டார்கள். விதியில் அதற்குத் தடை இல்லை. பந்தைக் கைவிட்டவன் அதை வைத்திருப்பவன் ஆக மாட்டான் அல்லவா! தப்பிக்கக் கண்ட வழி இப்படித்தான் ஆட்டத்தின் உயிராயிற்று. விதி எழுதுவோர் பின்னால் வந்து, தட்டுவதை இரண்டு முறை தொடங்கக் கூடாது என்றெல்லாம் வரம்பு கட்டினார்கள். அந்தக் காலப் பந்தில் உள்ளே காற்று நிரப்பும் பையான பிளாடரைச் செருகும் வாயைக் கயிற்றால் முடிந்திருப்பார்கள். அந்த முடிச்சுப் புடைப்பு தரையில் பட்டால் பந்து கோணலாக எழும். வேகமாக ஓடிக்கொண்டே தட்டுவது பந்து முடிச்சில்லாத உருண்டையான பிறகே சாத்தியமானது.

பந்து கிடைத்த அணி 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்று வைத்த 24 விநாடிக் கடிகாரத்தைத் தொலைக்காட்சிக்காகக் கொண்டுவந்ததாகக் கட்டுரை சொல்கிறது. அதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டாமா? 1950 நவம்பர் 22 அன்று அமெரிக்காவின் ஃபோர்ட் வேய்ன் அணி பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தி, மினியாபொலிஸை 19-18 என்று வென்றது. பந்தை வைத்திருப்பவன் எறியவே தேவையில்லை என்ற ஓட்டை அது. சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியாசோன் போட்ட கணக்கு எளிது: 48 நிமிடம் என்றால் 2880 விநாடி, நல்ல ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து சுமார் 120 முறை கூடையை நோக்கி எறிகின்றன, வகுத்தால் 24. அமெரிக்கத் தொழில்முறைக் கூட்டமைப்பான என்.பி.ஏ. இதை 1954இல் ஏற்றது. சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீபா 30 விநாடியில் தொடங்கி, 2000இல்தான் 24க்கு வந்தது.

இந்தக் கடிதம் எழுத முக்கியக் காரணம் கட்டுரையோடு அச்சான கோர்ட் வரைபடம். அது 2010க்கு முந்தையது. கூடைக்கு முன்னால் உள்ள கட்டம் சரிவகமாக இருக்கிறது, வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் த்ரீ பாயிண்ட் கோடு 6.25 மீட்டர் என்றிருக்கிறது. இப்போது கட்டம் 4.90 மீட்டர் அகலமுள்ள செவ்வகம், கோடு 6.75 மீட்டர். உடற்கல்வி ஆசிரியர்கள் அந்தப் படத்தை வெட்டி வைத்துக் கோடு போட்டுவிட்டால் மாணவர்கள் போட்டிக்குப் போகும் இடத்தில் அரை மீட்டர் குறைவாக எறிந்து நிற்பார்கள்.

கோடு போடுகிறவர்கள் வழக்கமாகத் தவறும் இடம் ஒன்று உண்டு. 6.75ஐக் கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடான எண்ட் லைனிலிருந்தோ போர்டுக்கு நேர் கீழிருந்தோ அளக்கிறார்கள். அளக்க வேண்டியது வளையத்தின் நடுப்புள்ளியிலிருந்து. தூக்குக்குண்டு நூலை அங்கிருந்து இறக்குங்கள். எண்ட் லைனின் உள்விளிம்பிலிருந்து 1.575 மீட்டரில் அது விழ வேண்டும். விழாவிட்டால் கம்பமே நகர்ந்திருக்கிறது. அங்கே ஆணியடித்து, நீளாத கம்பியால் வில் வரையுங்கள். நைலான் கயிறு இழுத்தால் நீண்டுவிடும். 6.75 என்பது கோட்டின் வெளிவிளிம்பு வரை. வில் பக்கக் கோடு வரை போகாது, அந்தப் பக்கக் கோட்டின் உள்விளிம்பிலிருந்து 0.90 மீட்டரில் நேர்கோடாகிவிட வேண்டும். தடையின்றி எறிய நிற்கும் ஃப்ரீ த்ரோ கோட்டின் தொலைவிளிம்பு எண்ட் லைனிலிருந்து 5.80 மீட்டர். தளத்துக்கு மேல் தளம் போட்ட கோர்ட் என்றால் வளையத்தின் மேல்விளிம்பு 3.05 மீட்டரில்தான் இருக்கிறதா என்று மறுபடி அளக்க வேண்டும். ஏறிய தளத்தின் கனம் அத்தனையும் உயரத்தில் குறைந்திருக்கும்.

ஸ்பிரிங்ஃபீல்டில் படித்துவிட்டு வந்த ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியதைக் கட்டுரை விட்டுவிட்டது. அடுத்த இதழில் வரைபடத்தைத் திருத்தி வெளியிடும்போது அதையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒருவர்,
திண்டுக்கல்.