தகரப் பெட்டியை எடைக்குப் போட்டுவிடாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. சென்னைப் பட்டாளம் பகுதியில் உள்ள வீட்டை விற்கப் போவதாகவும், பரணில் இருக்கும் அப்பாவின் தகரப் பெட்டியை எடைக்குப் போட்டுவிடலாம் என்று மகன் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இன்றே பதில் எழுதுகிறேன். தயவுசெய்து போடாதே.

என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் ஊரின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே போகும் ஞாயிறு காலை நடையை விடவில்லை. ராயபுரம் ரயில் நிலையத்தில் தொடங்குகிறோம். 1856இல் திறந்த நிலையம். துணைக்கண்டத்தில் இன்றும் நிற்கும் நிலையக் கட்டடங்களில் இதுவே பழையது. பள்ளிப் பிள்ளைகள் இருபது பேர் வந்தால், வழியில் பெரியவர்கள் பத்துப் பேர் சேர்ந்துகொள்கிறார்கள்.

போன வாரம் எம்டன் பேச்சு வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மானியக் கப்பல் துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட வந்த பெரியவர் ஒருவர், "கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தாரே, அதைச் சொல்லுங்கள்" என்றார். நம் ஊரில் பாதிப் பேர் நம்புகிற கதை. நீயும் நானும் சிறுவயதில் நம்பியதுதான். இல்லை என்று அறுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளிடம் இரண்டு தகவல்களை மட்டும் கொடுத்தேன். கப்பல் சீனக் கரையில் இருந்த சிங்டாவ் துறைமுகத்தை விட்டது 1914 ஜூலை 31. செப்டம்பரில் செண்பகராமன் பிள்ளை சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்காகக் குழு அமைத்துக்கொண்டிருந்தார். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் அவர் எப்படி ஏறியிருக்க முடியும் ஐயா?" என்றான். பெரியவரும் சேர்ந்து யோசித்தார். தீர்ப்பை மட்டும் நான் சொல்லியிருந்தால் அவர் மனம் நொந்து போயிருப்பார். நமக்கு எப்படித் தெரிந்தது என்ற வழியைத் திறந்து காட்டியதால்தான் கடைசி வரை கூடவே நடந்தார். வரலாற்றை ஊருக்குச் சொல்கிறவர்கள் முடிவை மட்டும் கையில் கொடுத்துவிட்டுப் போவது எனக்கு இப்போதெல்லாம் பொறுப்பதில்லை.

வாரத்தில் இரண்டு நாள் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறேன். தாளைப் புரட்டும்போது விளிம்பு அப்பளம் போல நொறுங்குகிறது. மூச்சை அடக்கிக்கொண்டுதான் திருப்ப வேண்டும். அங்கே என்னை வருத்துவது ஒன்று உண்டு. அந்தக் காலத் தமிழ்ப் பத்திரிகைகள் பல இன்று ஒரு பிரதி கூடக் கிடைப்பதில்லை. ஆனால் அவற்றில் என்ன வந்தது என்பதை வெள்ளைக்காரன் அரசு கண்காணிப்பதற்காக ஆங்கிலத்தில் சுருக்கி எழுதி வைத்திருக்கிறது. நம் தாத்தாக்கள் தமிழில் வாசித்ததை நான் அவர்களை வேவு பார்த்தவர்களின் ஆங்கிலத்தில் வாசிக்கிறேன். அந்தச் சுருக்கத்தில் எது விடுபட்டது, எந்தச் சொல் மாறியது என்று கேட்டுக்கொண்டே படிக்க வேண்டியிருக்கிறது.

இனி உன் பெட்டி. பின்னி மில் வரலாற்றை எடுத்துக்கொள். 1918 ஏப்ரல் 27 அன்று அந்த மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. அதைப் பற்றிச் சங்கத் தலைவர் வாடியாவின் பேச்சுகள் இருக்கின்றன, திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1921இல் பல மாதம் நீடித்த வேலைநிறுத்தத்துக்குக் கம்பெனிக் கடிதங்களும் போலீஸ் அறிக்கைகளும் உண்டு. அந்த வேலைநிறுத்தம் புளியந்தோப்பில் சாதி மோதலாக மாறியதும், குடிசைகள் எரிந்ததும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் தாத்தா வேலைநிறுத்தத்தில் நின்றவர். உன் தாத்தா மில்லுக்குள் திரும்பிப் போன ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் ஒருவர். எங்கள் வீட்டில் அவர்களைப் பற்றி ஒரே ஒரு சொல்தான் வழங்கியது; அதை இங்கே எழுதக் கை கூசுகிறது. ஏன் திரும்பினார்கள், வீட்டில் எத்தனை வயிறு, சங்கத்துக்குள் அவர்களை எப்படி நடத்தினார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா அந்தத் தொழிலாளர்களுக்காகப் பேசியது பதிவில் இருக்கிறது. ஆனால் தறியில் நின்றவர் தன் வாயால் சொன்னது என்று என் கையில் இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.

உன் அப்பா அந்தப் பெட்டியைத் திறந்து தாத்தாவின் டோக்கனையும் மடித்த காகிதக் கட்டையும் காட்டியது எனக்கு நினைவிருக்கிறது. நாம் அப்போது ஆறாம் வகுப்பு. அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். நாம் பந்து விளையாட ஓடிவிட்டோம். அறுபது வருடமாக அந்தப் பாதி வாக்கியம் என்னை விடவில்லை. ஒருவேளை வெறும் ரேஷன் ரசீதுகளாகவும் இருக்கலாம். இருக்கட்டும், அதுவும் வேண்டும்.

காகிதங்களைப் பிரிக்கும் முன், எது எதன் மேல் இருந்தது என்று அந்த வரிசையிலேயே படம் எடுத்துக்கொள். இரண்டு பக்கமும் எடு. பின்பக்கத்தில் கணக்கு, பெயர் ஏதாவது இருக்கும். கிழிந்ததை செலோடேப் போட்டு ஒட்டாதே, லேமினேஷனும் வேண்டாம். துருப்பிடித்த குண்டூசியைப் பிடித்து இழுக்காதே. படங்களில் இருப்பவர்களின் பெயரைத் தனித் தாளில் எழுது, படத்தின் மேல் எழுதாதே. உன் அத்தை வியாசர்பாடியில் இன்னும் இருக்கிறார் அல்லவா? அவரிடம் போய் உட்காரலாம். நான் கேட்டால் அவர் சொல்லமாட்டார், என் தாத்தா யார் என்பது அவருக்குத் தெரியும். நீ கேள், நான் பக்கத்தில் இருந்து எழுதிக்கொள்கிறேன். எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

ஓசூரிலிருந்து காலை பஸ்ஸில் ஏறினால் மதியம் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். தங்கச்சியையும் அழைத்துவா. பெட்டியைக் கீழே இறக்கும்போது நானும் இருக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பக்கத்துப் பெஞ்சுக்காரன்,
பழைய வண்ணாரப்பேட்டை