கேட்டது குழல், வந்தது ஆணி

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: புல்தரைக்குத் துளையிடும் கருவி மாறி வந்தது குறித்து

ஐயா,

இறுகிய புல்தரையில் துளையிட, முனையில் உள்ளீடற்ற குழல்கள் கொண்ட கவட்டையை உங்களிடம் கேட்டேன். வந்ததோ ஆணி அடித்த செருப்பு. "ஓட்டை விழுந்தால் போதாதா ஐயா, ஆணியென்ன, குழலென்ன?" என்று உங்கள் பணியாளர் தொலைபேசியில் கேட்டார். போதாது.

சூலூர்ப் பக்கம் எங்கள் வீடு. பருத்திக்காட்டை மனையாக்கிய கரிசல் மண். வீடு கட்டும்போது செங்கல்லும் ஜல்லியும் கொட்டிக் கிடந்த இடத்தில்தான் இப்போது கொரியன் புல். மண் இறுகி, விட்ட தண்ணீர் இறங்காமல் தேங்குகிறது. இந்தக் களிமண்ணில் ஆணியை இறக்கினால் அது மண்ணைப் பக்கவாட்டில் நெருக்கித் துளையின் சுவரை மேலும் இறுக்கிவிடும். குழல் முனையோ மண்ணை உருளை உருளையாகப் பிடுங்கி வெளியே போடும். வேருக்குக் காற்றும் நீரும் போக வழி கிடைக்கும். மணற்பாங்கான மண்ணாக இருந்திருந்தால் ஆணியோடு நானும் சமாதானமாகியிருப்பேன்.

இதையெல்லாம் விசாரித்த பிறகுதான், உங்கள் விளம்பரப் படத்தில் இருந்த குழல் முனைக் கவட்டைக்கு 2,340 ரூபாய் கட்டினேன். பெட்டியில் இருந்ததோ 26 ஆணி அடித்த ஒரு ஜோடிச் செருப்பு. போட்டு நடந்து பார்த்தேன். நான்கு அடி வைப்பதற்குள் வார் நழுவி, செருப்பு மண்ணிலேயே நின்றுவிட்டது. கால் மட்டும் என்னோடு வந்தது. அந்த நான்கு அடியைக் காட்டி, பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது என்கிறீர்கள்.

கோவையில் பட்டறைக்கா பஞ்சம்? அரை அங்குல ஜி.ஐ. குழாயின் முனையை லேத்தில் கூராக்கி வாங்கினேன். 150 ரூபாய். முதல் நாள் நீர் விட்டு, மறுநாள் ஈரப்பதத்தில் மூன்று அங்குலம் இறக்கினேன். குழாய்க்குள் அடைத்த மண்ணை ஒவ்வொரு முறையும் கம்பியால் குத்தித் தள்ள வேண்டியிருந்தது என்பது உண்மை. ஆனால் அந்தத் துளைகளில் தண்ணீர் இறங்கியது. பக்கத்திலேயே உங்கள் ஆணித் துளைகளில் தேங்கி நின்றது. இரண்டுக்கும் படம் இணைத்துள்ளேன்.

படத்தில் காட்டிய கருவியை அனுப்புங்கள். இல்லையேல் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். செருப்பை உங்கள் செலவில் எடுத்துச் செல்லுங்கள். 15 நாட்களில் பதில் வராவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கரிசலில் கால் வைக்க முடியாது. அதற்குள் எனக்குத் தரை முழுவதும் துளையிட்டாக வேண்டும்.

இப்படிக்கு,
சூலூர் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், படங்கள் 4